பதினொன்றே முக்கால் முதல் நாலரை வரை

2024 நவம்பரில் ஒரு நாள் மாலை நாலரை மணிக்கு, பக்கத்து வீட்டுக்காரரின் கைப்பேசியிலிருந்து அப்பா என்னை அழைத்து, "பணம் போயிடுச்சும்மா" என்று மட்டும் சொன்னார். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அவருக்கு அப்போது 74 வயது. பணம் போனது காலை பதினொன்றே முக்காலுக்கு என்பது, நான் இரண்டு முறை கேட்ட பிறகே தெரியவந்தது.

மத்திய அரசின் ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்று அளிக்க வேண்டும். அந்த மாதத்தைப் பார்த்துத்தான் மோசடிக்காரர்களும் அழைக்கிறார்கள். ஓய்வூதிய அலுவலகம் என்று சொல்லிக்கொண்டு பேசியவன் அப்பாவின் ஓய்வூதிய ஆணை எண்ணையும் பணி ஓய்வு பெற்ற தேதியையும் சரியாகச் சொல்லியிருக்கிறான். பிறகு வாட்ஸ்அப்பில், கைப்பேசியில் செயலியை நிறுவுகிற ஏபிகே கோப்பு ஒன்றை அனுப்பி, அதை நிறுவினால் வங்கிக்கு அலைய வேண்டாம் என்றிருக்கிறான். குறுஞ்செய்திகளைப் படிக்க அந்தச் செயலி கேட்ட அனுமதியை அப்பா கொடுத்துவிட்டார். அவர் ஓடிபியை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இருக்கவில்லை. மூன்று தவணைகளில் 1,47,500 ரூபாய் வெளியேறியது.

முதலில் அப்பாவின் கைப்பேசியிலிருந்து சிம் அட்டையைக் கழற்றச் சொன்னேன். அதைப் பக்கத்து வீட்டுக்காரரின் பழைய பொத்தான் கைப்பேசியில் போட்டு, அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருந்தால் அதை நீக்குவதற்காக ##002# என்று அழுத்தச் செய்தேன். வங்கியின் உதவி எண்ணுக்கு அழைத்துக் கணக்கை முடக்கவும் சொல்லிவிட்டு, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ நான் அழைத்தேன். இரண்டு முறை இணைப்புக் கிடைக்கவில்லை. மூன்றாவது முறை கிடைத்தபோது, கணக்கு எண், ஒவ்வொரு பரிவர்த்தனையின் எண், தொகை, நேரம் ஆகியவற்றைத்தான் கேட்டார்கள். கதையை யாரும் கேட்கவில்லை. இவை கையில் இருந்தால் அழைப்பு சில நிமிடங்களில் முடிந்துவிடும். நாங்களோ பரிவர்த்தனை எண்களைத் தேடுவதிலேயே கால் மணி நேரத்தை இழந்தோம். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் முழுப் புகாரையும் பதிவு செய்தோம்.

பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு என்று தாவிக்கொண்டே போகும். எந்தக் கணக்கில் மிச்சம் இருக்கிறதோ அங்கே அதை நிறுத்திவைக்கச் சொல்வதே இந்த ஏற்பாடு. எங்களுக்கு 61,300 ரூபாய் அப்படி நிறுத்தப்பட்டது. மீதி 86,200 ரூபாய் நாங்கள் அழைப்பதற்கு முன்பே ஏடிஎம்களில் எடுக்கப்பட்டுவிட்டது. நண்பகலிலேயே அழைத்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்ற கணக்கை அப்பாவின் முன்னால் நான் ஒருபோதும் போட்டதில்லை. "உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலைம்மா" என்றார் அவர். அந்த நாலே முக்கால் மணி நேரத்தைத் தின்றது அவருடைய அறியாமை அன்று, கூச்சம். அதில் என் பங்கும் உண்டு: அதற்கு முந்தைய ஆண்டு ஒரு தவறான ரீசார்ஜுக்காக அவரிடம் நான் கடுமையாகப் பேசியிருந்தேன்.

மற்றவை அலைச்சல்தான். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்டு அப்போது நடப்பில் இருந்த சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் ஏற்பட்ட இழப்பு, வங்கியிடம் தெரிவிக்கும் வரை அவரையே சேரும். வங்கி அதையே சுட்டிக்காட்டிக் கைவிரித்துவிட்டது. காவல் நிலையத்தில் வாட்ஸ்அப் உரையாடலையும் அந்தக் கோப்பையும் காட்டச் சொன்னார்கள். நல்லவேளையாக, அதுவரை கைப்பேசியை நாங்கள் அழித்துத் துடைத்திருக்கவில்லை. நிறுத்திவைத்த தொகையைப் பெற, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-ஆம் பிரிவின்கீழ் நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்தோம். மார்ச் மாதத்தில் பணம் கணக்கில் வந்தது.

கைப்பேசியைப் பிடுங்கிவிட்டுப் பொத்தான் கைப்பேசி வாங்கிக் கொடு என்றான் தம்பி. அம்மா இறந்தபின் பேரப்பிள்ளைகளின் முகத்தை அதில்தான் அப்பா பார்க்கிறார். ஆகவே நான் மறுத்துவிட்டேன். ஓய்வூதியம் வரும் கணக்கிலிருந்து யுபிஐயையும் இணைய வங்கிச் சேவையையும் நீக்கினோம். மாதச் செலவுக்கு ஐயாயிரம் ரூபாய் மட்டும் இருக்கும் வேறொரு கணக்கை யுபிஐயில் இணைத்தோம். பணம் பற்றி யார் பேசினாலும், "என் பொண்ணுகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். எந்த நேரத்தில் அழைத்தாலும் நான் கோபப்படக் கூடாது என்பது அதன் மறுபாதி. ஏப்ரலில், இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகவும் கட்டணமாக 8,000 ரூபாய் கட்டும்படியும் ஒருவன் அழைத்தபோது, அப்பா துண்டித்துவிட்டு உடனே எனக்குச் சொன்னார்.

அடுத்த நவம்பரில் உயிர்வாழ் சான்றுக்காக அஞ்சல்காரரை வீட்டுக்கே வரவழைத்தோம். அதற்குக் கட்டணம் 70 ரூபாய். பல ஆண்டுகளாகத் தமக்குக் கடிதம் கொண்டுவந்த அந்த மனிதரிடம் அப்பா முதலில் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்துப் பார்த்த பிறகுதான் கருவியில் விரலை வைத்தார்.