ஒரே ஒரு திருகு

சிங்கப்பூர் ஈசூனில் ஒரு நாலறை வீவக வீடு, அதாவது அரசாங்கத்தின் வீடமைப்புக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடு. தீ பெரிதாகப் பரவவில்லை. சமையலறைச் சுவரில் கரி, மேலே இருந்த கேபினெட்டின் அடிப்பலகை உப்பிக் கிடந்தது, வீடு முழுக்கக் கருகிய பிளாஸ்டிக் வாடை. எலக்ட்ரீஷியனான நான் பையைக் கீழே வைக்கக்கூட இல்லை, வீட்டுக்கார அம்மா கேட்டுவிட்டார்: "யார் மேல தப்பு தம்பி?" வாடகைக்குக் குடியிருந்த தம்பதி ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சாக்கெட்டைக் கழற்றினேன். நியூட்ரல், எர்த் இரண்டு முனையும் புதுசு மாதிரி இருந்தன. லைவ் முனை மட்டும் கன்னங்கரேல். வயரின் தோல் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்து, விரல் பட்டதும் உதிர்ந்தது. திருகு ஆடியது. லூஸான இடத்தில் மின்சாரம் ஓடினால் சூடாகும், சூட்டில் விரிந்து ஆறும்போது சுருங்கி இன்னும் லூஸாகும். இது ஒரு நாளில் நடக்கிற காரியம் இல்லை.

"ஆர்சிசிபி இருக்கே அண்ணே, ஏன் டிரிப் ஆகலை?" என்றார் குடியிருந்த பையன். நல்ல கேள்வி. ஆர்சிசிபி என்பது மெயின் பெட்டியில் ஆபத்து என்றால் தானாக விழும் பாதுகாப்பு சுவிட்ச். எல்லா வீட்டிலும் ஆர்சிசிபி கட்டாயம் என்று 2023 ஜூலையில் விதி வந்து, பழைய வீடுகளுக்கு 2025 ஜூலை 1 வரை அவகாசமும் கொடுத்தார்கள். அது இருந்தால் தீயே வராது என்று பலருக்கும் நினைப்பு. அது பார்ப்பது கசிவை மட்டும்தான், 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழும். அதே பெட்டியில் இருக்கும் இன்னொரு சுவிட்சான எம்சிபி பார்ப்பது அளவுக்கு மீறிய கரண்டை. லூஸ் திருகு இரண்டின் கண்ணிலும் படாது.

அதோடு விட்டிருந்தால் தப்பு வீட்டுக்காரர் பக்கம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே சாக்கெட்டில் ஒரு எக்ஸ்டென்ஷன், அதில் 2200 வாட் கெட்டிலும் 1500 வாட் ஏர் ஃபிரையரும். 230 வோல்ட்டில் சேர்த்தால் 16 ஆம்பியர். 13 ஆம்பியர் பிளக்கின் ஃபியூஸ் அதை ரொம்ப நேரம் தாங்கிக்கொள்ளும், 20 ஆம்பியர் எம்சிபி அசையாது. அப்புறம், மூன்று வருடத்துக்கு முன்னால் சாக்கெட்டை மாற்றியவர் யார் என்றால், தெரிந்த ஒருவர், ரசீது கிடையாது, வாட்ஸ்அப் எண்ணும் போய்விட்டது. அவர்தான் சரியாக முறுக்கவில்லை என்று நிரூபிப்பது எப்படி? இழப்பீடு கேட்பவர்தானே அதைக் காட்ட வேண்டும்.

வீவக கடனுக்காகக் கட்டாயமாக எடுக்கும் தீக் காப்புறுதி இருக்கிறதே என்றார் அந்த அம்மா. அது சுவருக்கும் வீவக முதலில் போட்டுக் கொடுத்ததற்கும்தான். அவர் பிறகு செய்த கேபினெட்டுக்கு இல்லை, இவர்களின் ஏர் ஃபிரையருக்கும் இல்லை. அதைச் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது.

இரண்டு நாள் கழித்து போன் செய்தார். "ஓவர்லோடுன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க தம்பி, போதும்." பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நான் பார்த்தது திருகையும் எக்ஸ்டென்ஷனையும், இரண்டையும்தான் எழுதினேன். பணம் யார் தருவது என்பதை அவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். அந்த அம்மா அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை.

இப்போதெல்லாம் திருகை முறுக்கியதும் போட்டோ எடுத்துவிடுகிறேன். மகளின் பிறந்தநாள் படத்தைத் தேடிய என் மனைவி, திருகு திருகாகத் தள்ளிவிட்டு, கடைசியில் போனை என்னிடமே நீட்டினாள்.