எகனாமிக்ஸோடு கணிதம்: முதல் வருடம் பேப்பர் தேர்ந்தெடுத்த அனுபவம்

கேரளத்தில் 2024-இல் நான்கு வருட டிகிரி வந்த பிறகு, குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயிலேறிப் படிக்கப் போகிற என்னைப் போன்றவர்களுக்குப் புதிதாக ஒரு வேலை சேர்ந்திருக்கிறது: மேஜரோடு சேர்த்துப் படிக்கும் பாடங்களை நாமே தேர்ந்தெடுப்பது. நாகர்கோவிலில், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் எகனாமிக்ஸ் படிக்கும் என் சித்தி மகளுக்கு அல்லைடு பேப்பர் (துணைப் பாடம்) எது என்று துறையே சொல்லிவிட்டது. எனக்கு அப்படி இல்லை. முதல் செமஸ்டரில் மொத்தம் 21 கிரெடிட் (பாடத்தின் எடையைக் காட்டும் அலகு). அதில் மேஜரான, அதாவது முதன்மைப் பாடமான எகனாமிக்ஸுக்கு நாலே நாலுதான். வேறு துறைகளிலிருந்து நாலு கிரெடிட் வீதம் இரண்டு பாடங்களை மைனராக நாமே எடுக்க வேண்டும். மொழிப் பாடங்களும் இன்னொரு பொதுப் பாடமும் மீதியை நிரப்பிவிடும்.

வகுப்பில் பாதிப் பேர் வரலாறும் அரசியல் அறிவியலும் எழுதிக் கொடுத்தார்கள். மார்க் விழும் என்பது காரணம். அதைக் குறை சொல்ல மாட்டேன், உண்மையிலேயே விழும். நான் கணிதமும் புள்ளியியலும் எடுக்கலாமா என்று வீட்டில் கேட்டபோது, "மக்களே, நீ காமர்ஸ் குரூப்பு தானே, பி.எஸ்சி. பிள்ளைகள் கூட இருந்து கணக்கு போட முடியுமா?" என்றார் அப்பா. நியாயமான கேள்விதான். பிளஸ் டூவில் நான் படித்தது வணிகக் கணிதமும் புள்ளியியலும்.

அந்தப் பழைய பாடப்புத்தகங்களை எடுத்து, மைனர் கணித சிலபஸ் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு தலைப்பாகப் பார்த்தேன். பதினொன்றாம் வகுப்பிலேயே வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள் என்று ஒரு பாடம் இருக்கிறது. இறுதிநிலைச் செலவு, தேவை நெகிழ்ச்சி (விலை மாறினால் தேவை எவ்வளவு மாறும் என்பது), பகுதி வகையிடல் எல்லாம் அதில் வந்துவிடும். பன்னிரண்டில் அணிகள், தொகை நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், நிகழ்தகவுப் பரவல்கள். விட்டுப்போனது என்று பார்த்தால் கலப்பெண்கள், வெக்டர் மாதிரி சிலதுதான். அவை முதல் வருட எகனாமிக்ஸுக்குத் தேவைப்படாது. சொல்லப்போனால் சயின்ஸ் குரூப் பிள்ளைகளுக்குத் தேவை நெகிழ்ச்சிதான் புதுசு. தமிழ்நாட்டு வணிகக் கணிதப் புத்தகத்தை யாரும் பெரிதாக மதிப்பதில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

அப்புறம் எந்தப் பேப்பர் என்ற கேள்வி. கணிதத் துறையின் பட்டியலில் கால்குலஸ் (நுண்கணிதம்) என்ற பெயரிலேயே இரண்டு இருந்தன. ஒன்று கணித மேஜர் பிள்ளைகளுக்கு. தேற்றம், நிரூபணம் என்று போகும். இன்னொன்று மற்ற துறைக்காரர்களுக்கு. மூன்றாம் வருடம் படிக்கும் ஒரு அக்கா சொன்ன வழிதான் எனக்கு உதவியது: "பேப்பர் பேரைப் பாக்காதே. உங்க மேஜர்ல அடுத்த ரெண்டு வருஷம் என்ன வருதுன்னு பாரு. அங்கிருந்து பின்னால வா."

அப்படிப் பின்னோக்கி வந்தால் வரிசை தானாகவே கிடைத்துவிடுகிறது. நுண்பொருளியலில் அடுத்த கட்டத்துக்குப் போனால் பகுதி வகையிடலும் கட்டுப்பாட்டுக்குள் உச்சம் காண்பதும் வேண்டும். தரவை வைத்துப் பொருளாதார உறவுகளை அளக்கும் எகனாமெட்ரிக்ஸுக்கு நிகழ்தகவும் பரவல்களும், கொஞ்ச காலம் கழித்து அணிகளும். வளர்ச்சிக் கோட்பாட்டுக்கு வகைக்கெழுச் சமன்பாடு. ஆகவே முதலில் கால்குலஸ், கூடவே புள்ளியியல், அதன் பிறகு அணிகள். எண் கோட்பாடு, தர்க்கம் போன்றவை ஆசைக்குப் படிக்கலாம், அவசரமில்லை.

நிரூபணம் உள்ள கால்குலஸை நான் எடுக்கவில்லை. மேற்படிப்பில் கோட்பாட்டுப் பொருளியல் பக்கம் போகிறவர்களுக்கு அதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன். எனக்கு முதலில் கணக்கு கையில் ஓட வேண்டியிருந்தது.

அது ஓடத் தொடங்கியது லக்ராஞ்சு பெருக்கியில்தான். கட்டுப்பாட்டுக்குள் உச்சம் காணும் வழி அது. எங்கள் ஊர்க்காரர் யாருக்கும் புரிகிற மாதிரி, நோட்டில் நானே ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) கிலோ 40 ரூபாய், சாளை மீன் கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையில் 400 ரூபாய். இரண்டின் அளவையும் பெருக்கினால் வருவதுதான் திருப்தி. (மரச்சீனி மட்டும் இருந்து மீன் இல்லாவிட்டால் திருப்தி பூஜ்யம். சாளைக் குழம்பு இல்லாத மரச்சீனியைத் தின்றவர்கள் இதை ஒத்துக்கொள்வார்கள்.) வகையிட்டுச் சமன் செய்தால் 5 கிலோ மரச்சீனி, 2 கிலோ சாளை, திருப்தி 10. கூடவே அந்தப் பெருக்கியான லாம்டா 0.05 என்று வருகிறது. அதை வெறும் இடைநிலை எழுத்து என்று விட்டுவிடாமல் இப்படிச் சோதித்தேன்: கையில் 410 ரூபாய் இருந்தால்? 5.125 கிலோ, 2.05 கிலோ, பெருக்கினால் ஏறக்குறைய 10.5. கூடின பத்து ரூபாய்க்கு அரை அலகு, அதாவது ரூபாய்க்கு 0.05. எகனாமிக்ஸ் வகுப்பில் பணத்தின் இறுதிநிலைப் பயன்பாடு என்று பத்தியாக எழுதவைத்தது இந்த லாம்டாதான். அன்றைக்கே அந்த மைனருக்கான நாலு கிரெடிட் வசூலாகிவிட்டது.

புள்ளியியலில் இப்படி ஒன்றும் நடக்கவில்லை. முதல் செமஸ்டர் பாதிக்கு மேல் பிளஸ் டூவில் படித்ததுதான்: சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு. மார்க்குக்கு நல்லது.

மேற்படிப்பை மனதில் வைத்திருப்பவர்கள் முதல் வருடமே ஒன்று செய்யலாம். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் எம்.எஸ். குவான்டிடேட்டிவ் எகனாமிக்ஸ் நுழைவுத் தேர்வில் பி.இ.ஏ. தாள் முழுக்கக் கணிதம். இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்விலும் கணித, புள்ளியியல் முறைகள் உண்டு. பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து எந்தத் தலைப்பு எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள், எந்த மைனர் என்பதில் பாதிக் குழப்பம் தீரும்.

படிவம் கொடுக்கும் முன் டைம்டேபிளையும் பார்த்துவிடுங்கள். எனக்குக் கால்குலஸும் புள்ளியியலும் முதலில் ஒரே நேரத்தில் விழுந்தன. துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுத்து வேறு பேட்சுக்கு மாறினேன். அதனால் வாரத்தில் ஒரு நாள் மட்டும் கடைசி வகுப்பு நீண்டு, வழக்கமான பாசஞ்சரை விட்டுவிட்டு களியக்காவிளை பஸ்ஸில் நின்றுகொண்டே வர வேண்டியிருக்கிறது. இரண்டாம் செமஸ்டருக்கு அணிகள் உள்ள பேப்பரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். புள்ளியியல் அப்படியே தொடர்கிறது.