தாத்தா எதில் போனார்?

அப்பாவுக்கு வயிற்றுப் புற்றுநோய் என்று தெரிந்தபோது 46 வயது. எட்டு மாதத்தில் போய்விட்டார். பயாப்ஸி அறிக்கையில் 'டிஃப்யூஸ் வகை, சிக்னெட் ரிங் செல்கள்' என்று இருந்தது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. நான்கு வருடம் கழித்து அத்தைக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. அவர் அறிக்கையில் 'லோபுலர்' (பால் சுரப்பிகளில் தொடங்கும் வகை) என்றிருந்ததைப் பார்த்த டாக்டர்தான், "உங்க அண்ணனுக்கு எந்த வகைன்னு சொன்னாங்க?" என்று கேட்டார்.

மரபணு ஆலோசகர் முதல் நாள் ரத்தமே எடுக்கவில்லை. மூன்று தலைமுறையையும் தாளில் வரையச் சொன்னார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்கே கோடு, நோய் கண்டவருக்கு உள்ளே கறுப்பு. யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில்? நம் வீடுகளில் இதைக் கேட்டுப் பாருங்கள்! தாத்தா "வயித்து வலியில போனார்". பெரிய அத்தை "சோறு இறங்காம மெலிஞ்சே போனா". பெரியப்பாவுக்குக் குடிதான் எமன் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர் மகன் பரணிலிருந்து எடுத்துத் தந்த பழைய அறிக்கையில் வயிற்றுப் புற்றுநோய் என்று இருந்தது. தாத்தாவின் வயதைக் கடைக்குட்டிச் சித்தப்பா பிறந்த வருடத்தை வைத்துக் கணக்குப் போட்டோம். 39.

வரைந்து முடித்ததும் கையை நீட்டினேன். ஆலோசகர் மறுத்துவிட்டார். நோய் வந்தவரை முதலில் சோதிக்க வேண்டுமாம். எனக்கு எடுத்து ஒன்றும் இல்லை என்று வந்தால், நான் தப்பித்தேனா, குடும்பத்தில் இருக்கும் பிழையே இந்தச் சோதனையில் அகப்படவில்லையா என்று சொல்ல முடியாது. எனக்கு இது அதுவரை தோன்றவே இல்லை. அத்தையோ, "எனக்கு வந்தது வந்தாச்சு, இதை வேற ஏன் கிளறணும்?" என்றார். அவரைச் சம்மதிக்க வைக்கத்தான் அதிக நாள் பிடித்தது.

அத்தையின் முடிவு: சிடிஎச்1 மரபணுவில் மாற்றம். செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஈ-கேட்ஹெரின் புரதத்துக்கான மரபணு அது. அந்தப் பசை போனால் செல்கள் கட்டியாகத் திரளாமல், வயிற்றின் உட்பக்க மேற்பரப்புக்கு அடியில் தனித்தனியாகப் பரவும். அப்பாவின் 'டிஃப்யூஸ்' வகை இதுதான்; அத்தையின் 'லோபுலர்' வகையும் இதே மரபணுவோடு தொடர்புடையது. 1998இல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பம் ஒன்றில்தான் இதை முதலில் கண்டுபிடித்தார்கள். "எங்கள் வீட்டில் ஏன் இத்தனை சாவு?" என்று அந்தக் குடும்பத்தாரே ஆராய்ச்சியாளர்களைத் தேடிப் போனார்களாம். அதைப் படித்த அன்று ஏனோ கொஞ்சம் தெம்பு வந்தது. (வயிற்றுப் புற்றுநோய்களில் இப்படிப் பரம்பரையாக வருபவை மிகக் குறைவு. வீட்டில் ஒருவருக்கு வந்ததும் பதற வேண்டாம்.)

மாற்றம் உள்ளவரின் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வர 50 விழுக்காடு வாய்ப்பு. தம்பிக்கு இல்லை. எனக்கு இருக்கிறது.

எண்டோஸ்கோப்பியில் 30 இடங்களில் சதை எடுத்தார்கள். எதிலும் ஒன்றுமில்லை. சந்தோஷப்பட்டேன், டாக்டர் படவில்லை. அடியில் ஒளிந்திருப்பது அதற்குச் சிக்காமல் போகலாம் என்றார். வயிற்றை முழுதாக எடுத்துவிட்டு உணவுக்குழாயைச் சிறுகுடலோடு இணைப்பதுதான் அவர் பரிந்துரை. அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிட வேண்டும், ஆயுள் முழுக்க பி12 வேண்டும். மார்பகத்துக்கு வருடாவருடம் எம்ஆர்ஐ தனி. தேதி குறித்தாயிற்று.

பெரியப்பா மகன் மட்டும் இன்னும் சோதனைக்கு வரவில்லை. போன வாரம் போன் செய்தார்.

"அந்தப் பேப்பர்ல என் சதுரத்தை எப்படிப் போட்டிருக்கே?"

"காலியாத்தான் இருக்குண்ணா."