வீடாகவே இருக்கும் கோட்டை

அனிக் கோட்டையின் நூலகத்தில், பழைய தோல் அட்டைப் புத்தகங்களுக்கு நடுவே குடும்பப் புகைப்படங்கள். கல்யாணப் படம், சிரிக்கும் குழந்தைகள்.

அப்படியே நின்றுவிட்டேன்.

இங்கிலாந்தின் வடக்கே, ஸ்காட்லாந்து எல்லைப் பக்கம் இருக்கிற கோட்டை. 1309-ல் பெர்சி குடும்பம் வாங்கியது. இன்றைக்கும் அவர்கள் வீடுதான். ஹாரி பாட்டர் சினிமா எடுத்த இடம் என்று கூட்டம் அள்ளுகிறது. எனக்கோ இந்தக் குடும்பப் புகைப்படங்கள்தான் பெரிதாகத் தெரிந்தன.

கோடையில் நமக்குத் திறந்துவிடுகிறார்கள். குளிர்காலத்தில் அவர்களே குடியிருக்கிறார்கள்.

ஆள் புழங்காத வீடு சீக்கிரம் பாழாகும். இங்கே கூரை ஒழுகினால் முதலில் நனைவது வீட்டுக்காரர் தலைதான். 700 வருஷம் தாண்டியும் கோட்டை திடமாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

கோட்டைகளைக் காட்சிப்பொருளாக்கிப் பூட்டிவைப்பதைவிட இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.