நாலு ஏ கிரேடும் ஒரு 540என்ஆர் படிவமும்

ஸ்பிரிங் செமஸ்டர் முடிந்து கிரேடு வந்துவிட்டது. நாலு பாடம், நாலிலும் ஏ. வீட்டில் கேசரி கிண்டியாயிற்று, ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொல்லியாயிற்று. படிப்பைப் பற்றி எழுத இவ்வளவுதான். என்னைப் பாடாய்ப் படுத்தியது படிப்பு இல்லை, காலேஜ் ஆஃபீஸ் கவுண்டர். கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் (அரசாங்கத்து இரண்டாண்டுக் காலேஜ்) சேரலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும் எச்-4 ஆட்களுக்கு (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் கணவன் அல்லது மனைவி), அதுவும் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும் நம்மூர்க்காரர்களுக்கு, இது உதவலாம்.

நான் எடுத்தது குழந்தைக் கல்விச் சான்றிதழ். பன்னிரண்டு யூனிட், நாலு அடிப்படைப் பாடங்கள். இங்கே பிரீஸ்கூல் டீச்சராக வேண்டுமானால் முதலில் கேட்பது இந்தப் பன்னிரண்டைத்தான். ஊரில் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்ததெல்லாம் இதற்குச் செல்லுபடி ஆகாது. கட்டணம் மாநிலத்து ஆட்களுக்கு யூனிட்டுக்கு 46 டாலர். மாநிலத்தில் ஏறக்குறைய எல்லாக் கம்யூனிட்டி காலேஜிலும் அதேதான். வெளி ஆள் என்று முத்திரை விழுந்தால் அதற்கு மேல் யூனிட்டுக்கு 300 டாலருக்குக் குறையாமல் ஏறும். என் கதை முழுக்க இந்த இடைவெளியில்தான் நடந்தது.

விண்ணப்பம் போட்ட கையோடு இன்டர்நேஷனல் ஆஃபீஸிலிருந்து மெயில். ஐ-20 (மாணவர் விசாவுக்குக் காலேஜ் தரும் படிவம்) வேண்டுமாம், பேங்க் பேலன்ஸ் காட்ட வேண்டுமாம், டோஃபல் மார்க் வேண்டுமாம். எச்-4 விசாவில் இருப்பவர்களுக்கு ஐ-20 தேவையே இல்லை, அந்த விசாவிலேயே படிக்கலாம். மெயிலில் பதில் போட்டேன், அதே மெயில் திரும்ப வந்தது. நேரில் போய் விசாப் பக்கத்தைக் காட்டிய பிறகுதான் “ஓ, நீங்கள் எங்கள் ஆள் இல்லை, அட்மிஷன்ஸ் கவுண்டருக்குப் போங்கள்” என்றார்கள். யாராவது “எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறிவிடுங்கள், சுலபம்” என்று யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எஃப்-1இல் இருக்கும்வரை மாநிலத்து ஆட்களுக்கான ரெசிடென்ட் கட்டணம் கிடையாது. எச்-1பி, எச்-4 இரண்டிலும் இருப்பவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம். கேட்க வேண்டும் என்பதுதான் விஷயம், தானாக யாரும் தர மாட்டார்கள்.

விதி இதுதான்: செமஸ்டர் தொடங்குவதற்கு முந்தைய நாளைக் கணக்கில் வைத்து, ஒரு வருஷமும் ஒரு நாளும் கலிஃபோர்னியாவில் வசித்திருக்க வேண்டும், இங்கேயே இருக்கப்போகிறேன் என்ற எண்ணத்தையும் காகிதத்தில் காட்ட வேண்டும். நான் வந்து இறங்கியது 2023 டிசம்பர். வகுப்பு தொடங்கியது 2025 ஜனவரி கடைசி. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் விண்ணப்பத்தில் இரண்டு வருஷமாகத் தொடர்ந்து இங்கே இருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். இல்லை என்று உண்மையைச் சொன்னால், ஆதாரம் காட்டும்வரை வெளி ஆள்தான். பில் நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது. பணம் கட்டாவிட்டால் சேர்ந்த வகுப்பிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்பதால் தவணைத் திட்டத்தில் முதல் தவணையைக் கட்டி இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டேன். இந்தத் தவணையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஆதாரம் என்று எதைக் கொண்டு போவது? வீட்டு லீஸ் என் வீட்டுக்காரர் பெயரில். கரண்ட் பில் அவர் பெயரில். கார் அவர் பெயரில். என் டிரைவிங் லைசென்ஸோ 2024 ஆகஸ்டில் வாங்கியது, ஒரு வருஷம் ஆகவில்லை. கல்யாணச் சான்றிதழை நீட்டினேன். “இதில் கலிஃபோர்னியா எங்கே இருக்கிறது?” என்றார் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர். நியாயமான கேள்விதான். அதில் இருந்தது ஸ்ரீரங்கம்.

அடுத்து வருமான வரிப் படிவம் கேட்டார். கொடுத்தேன். இங்கேதான் கூத்து. 2023க்கு நாங்கள் சேர்ந்து தாக்கல் செய்தது 540என்ஆர் என்ற கலிஃபோர்னியா வரிப் படிவம். நான் அந்த வருஷம் டிசம்பரில்தான் வந்தேன், அதனால் வேறு படிவம் போட வழியில்லை. கணவன் மனைவியில் ஒருவர் வருஷத்தில் சில நாள் கலிஃபோர்னியாவாசியாக இல்லாமல் இருந்திருந்தாலும் கூட்டாகப் போடும்போது அந்தப் படிவம்தான். அதன் தலையில் ‘நான்ரெசிடென்ட் ஆர் பார்ட்-இயர் ரெசிடென்ட்’ என்று, அதாவது வெளி ஆள் அல்லது வருஷத்தில் ஒரு பகுதி மட்டும் இங்கே வசித்தவர் என்று, அச்சிட்டிருக்கும். அந்த மனிதர் மஞ்சள் ஹைலைட்டரை எடுத்து, என் காகிதத்தில், முதல் வார்த்தையில் மட்டும் ஒரு கோடு இழுத்தார். “நீங்களே வெளி ஆள் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே.” அடுத்த மூன்று வார்த்தைகளையும் படியுங்கள் என்றேன். “அடுத்தவர்” என்றார், என் தோளுக்கு மேலே பார்த்து.

பார்க்கிங்குக்குக் கட்டிய காசும் போச்சு. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த மஞ்சள் கோடுதான் கண்ணில் நின்றது.

காப்பாற்றியது என்னோடு படிக்கும் மதுரைக்கார அக்கா ஒருவர். “கவுண்டர்ல நிக்காத. ரெசிடென்ஸிக்குன்னு தனியா ஒரு ஆள் இருப்பாங்க, அவங்ககிட்ட அப்பாயின்ட்மென்ட் கேளு” என்றார். இருந்தார்கள். வெப்சைட்டில் எந்த மூலையிலும் அவர் பெயர் இல்லை. இதைத்தான் முதல் டிப்பாகச் சொல்வேன்: கவுண்டரில் இருப்பவர் முடிவெடுக்கும் ஆள் இல்லை, காகிதம் வாங்கும் ஆள்.

அப்பாயின்ட்மென்ட்டுக்கு முன் இரண்டு வேலை செய்தேன். அபார்ட்மென்ட் ஆஃபீஸில் போய், 2023 டிசம்பரிலிருந்து இந்த வீட்டில் வசிப்பவராக என் பெயர் பதிவாகியிருக்கிறது என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கினேன். லீஸில் கையெழுத்துப் போடாதவர் பெயரும் குடியிருப்போர் பட்டியலில் இருக்கும், கேட்டால் தருவார்கள். இரண்டாவது, 2024க்கான வரி. முழு வருஷமும் இங்கே இருந்ததால் இந்த முறை வெறும் 540. என்ஆர் கிடையாது. ஆனால் ஜனவரியில் யார் வரி கட்டியிருப்பார்கள்? கம்பெனிக்காரர்கள் டபிள்யூ-2 என்ற வருஷச் சம்பளச் சான்றைக் கொடுக்கக் கெடுவே ஜனவரி 31. ஸ்பிரிங்கில் சேருகிறவர்களுக்கே உரிய தலைவலி இது. அது கைக்கு வந்த வார இறுதியிலேயே உட்கார்ந்து தாக்கல் செய்தோம். ஏப்ரல் 15 நெருங்கும்வரை அந்தப் பக்கம் திரும்பாத என் வீட்டுக்காரர், பிப்ரவரி பிறந்ததும் வரி போட்டது அதுவே முதல் தடவை.

ரெசிடென்ஸி பார்க்கும் அந்தம்மாவிடம் ஐ-94இல் (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) வந்து இறங்கிய தேதி, 2024 ஜனவரி முதல் வாரத்து ஜாயின்ட் அக்கவுன்ட் ஸ்டேட்மென்ட், அபார்ட்மென்ட் கடிதம், புது 540 எல்லாவற்றையும் தேதி வரிசையில் வைத்தேன். புரட்டினார். மஞ்சள் கோட்டைப் பார்த்து “இதை யார் போட்டது?” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலமே போர்ட்டலில் பில் மாறியிருந்தது. பன்னிரண்டு யூனிட்டுக்கு 552 டாலர், கூடவே ஹெல்த் ஃபீஸ் மாதிரிச் சில்லறைகள்.

அடுத்தது பெயர்.

என் பாஸ்போர்ட்டில் கிவன் நேம் கட்டத்தில் என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து இருக்கும், சர்நேம் காலி. அமெரிக்க விசாக்காரர்கள் காலியாக விடமாட்டார்கள். முழுப் பெயரையும் தூக்கி சர்நேமில் போட்டு, முன்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு என்று அடித்துவிடுவார்கள், அதாவது முன்பெயர் தெரியாது. காலேஜ் அதை அப்படியே ஏற்றிக்கொண்டது. முதல் நாள் வருகைப் பதிவில் ஆசிரியை “ஃப்னு? ஃப்னு இருக்கிறீர்களா?” என்று கூப்பிடுகிறார். வகுப்பில் இன்னொரு ஃப்னுவும் இருந்தார், ஆப்கானிஸ்தான்காரர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, யார் கை தூக்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர்தான் என் குரூப் வொர்க் ஜோடி.

இதற்கு வழி: மாணவர் போர்ட்டலில் விருப்பப் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. அங்கே மாற்றினால் வருகைப் பட்டியலிலும் கேன்வாஸ் என்ற பாட வெப்சைட்டிலும் ஒழுங்கான பெயர் வரும். காலேஜ் ஈமெயில் முகவரி மட்டும் ஃப்னுவிலேயே நின்றுவிட்டது, அதை மாற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். நீங்கள் இன்னும் ஊரில்தான் இருக்கிறீர்கள், விசா எடுக்கவில்லை என்றால், பாஸ்போர்ட்டைத் திருத்தி அப்பா பெயரை சர்நேம் கட்டத்துக்குத் தள்ளிவிட்டு வாருங்கள். இங்கே வந்தபின் செய்வது இன்னொரு புராணம்.

வகுப்புகளைப் பற்றிக் குறை இல்லை. பத்தொன்பது வயசுப் பையன்கள், பேரன் எடுத்த பாட்டி, இரவு ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு வருகிறவர் என்று எல்லாரும் ஒரே மேஜையில். பாடப் புத்தகச் செலவு இல்லாத வகுப்பை அட்டவணையிலேயே குறி போட்டுக் காட்டுவார்கள், அதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில் புத்தகத்துக்கு ஒரு பைசா ஆகவில்லை. லைப்ரரியில் செமஸ்டர் முழுக்க லேப்டாப் கடன் தருகிறார்கள்.

ஆனால் காலேஜ் வளாகத்துக் குழந்தைகள் மையத்தில் உட்கார்ந்து கவனிக்கும் மணிநேரங்கள் உண்டு, அதற்கு டி.பி. இல்லை என்று சான்று வேண்டும். ஹெல்த் சென்டரில் முன்கையில் ஊசி போட்டு, இரண்டு மூன்று நாளில் திரும்ப வரச் சொன்னார்கள். போனபோது நர்ஸ் ஸ்கேலை வைத்து வீக்கத்தை அளந்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பாசிட்டிவ். நம் எல்லார் தோளிலும் இருக்குமே அந்த பி.சி.ஜி. தழும்பு, குழந்தையில் அந்த ஊசி போட்டவர்களுக்கு இந்தத் தோல் பரிசோதனை டி.பி. இல்லாமலேயே வீங்கலாம். தழும்பைக் காட்டினேன். “அதை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை” என்று எக்ஸ்ரேக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். வெளி டாக்டர்தான் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். அதற்கு பி.சி.ஜி. தடை இல்லை. நெகட்டிவ் வந்தது. இதற்குள் வகுப்பில் மற்றவர்கள் பாதி மணிநேரத்தை முடித்துவிட்டார்கள். தோல் ஊசியைத் தொடவே விடாதீர்கள், முதலிலேயே ரத்தப் பரிசோதனை என்று கேளுங்கள். தட்டம்மை, கக்குவான் தடுப்பூசிக் காகிதமும் கேட்பார்கள், ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் வரவழைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிந்தித் தொடங்கினாலும் அந்த மணிநேரங்கள்தான் செமஸ்டரில் எனக்கு மிகவும் பிடித்தவை. ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு குழந்தையைப் பார்த்து எழுத வேண்டும். ‘சிறுமி கோபமாக இருந்தாள்’ என்று எழுதியதற்கு ஆசிரியை சிவப்பில் ‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். கண்ணால் கண்டதை மட்டும் எழுது என்கிறார். அடுத்த முறை, ‘சிவப்புக் கட்டையைத் தரையில் போட்டாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள், கட்டையை எடுத்த பையனைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள்’ என்று எழுதினேன். அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். ஏ கிரேடைவிட அது ருசித்தது.

சான்றிதழ் விஷயம். பன்னிரண்டு யூனிட் முடித்தால் தானாக வீட்டுக்கு வந்துவிடும் என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். தனியாக ஒரு மனுப் போட வேண்டும். எங்கள் காலேஜில் ஸ்பிரிங்குக்குக் கடைசித் தேதி மார்ச்சிலேயே முடிந்துவிடும், அப்போது பாதிப் பாடம்கூட ஆகியிருக்காது. என் ஃப்னு ஜோடி சொல்லித்தான் எனக்கே தெரியும். அந்தப் படிவத்தில் சான்றிதழில் அச்சாக வேண்டிய பெயர் என்று ஒரு வரி இருக்கிறது, அதை மட்டும் பத்து முறை சரிபாருங்கள். மதுரை அக்காவுக்கு ஃபை தீட்டா காப்பா என்ற பெயரில் வாழ்த்து மெயில் வந்து, மோசடி என்று நினைத்து அழித்துவிட்டார். மோசடி இல்லை. இரண்டாண்டுக் காலேஜ் மாணவர்களுக்கான கௌரவச் சங்கம், 1918லிருந்து இருக்கிறது. சேரக் கட்டணம் உண்டு, ஸ்காலர்ஷிப் தேடுகிறவர்களுக்குப் பயன்படும்.

மே கடைசியில் பட்டமளிப்பு. சான்றிதழ்காரர்களும் மேடையேறலாம். உச்சரிப்பு அட்டையில் பெயரை ‘த-மி-ழ-ர-சி’ என்று பிரித்து எழுதிக் கொடுத்தேன். ழ வரவில்லை, மற்றதெல்லாம் வந்தது. வீட்டுக்காரர் விசிலடித்தார்.

இனி அந்தத் தவணை. பில் குறைந்ததும் நான் கூடுதலாகக் கட்டியது திரும்பி வர வேண்டும். போர்ட்டலில் பேங்க் விவரம் கொடுத்து வையுங்கள், நேராக அக்கவுன்ட்டில் விழும். கொடுக்காவிட்டால் தபாலில் காசோலை வரும். எனக்கு வந்தது, கல்லூரிப் பதிவேட்டில் உள்ள பெயருக்கு. விருப்பப் பெயரெல்லாம் காசோலைக்குச் செல்லாது. ஃப்னு என்று யாருக்கும் எங்கள் பேங்கில் கணக்கு இல்லை என்று மொபைல் ஆப் திருப்பி அனுப்பிவிட்டது. கிளைக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள், திங்கட்கிழமை விசாப் பக்கத்தோடு போகிறேன்.