காற்றுப் பக்கத்துக் கோல்

2024 ஜூன் 9
உதைபந்தாட்ட லீக்கில் வென்றோம், 2–1. முள்ளியவளையிலிருந்து பட்டா லொறியில் நின்றபடியே வந்தோம். ஒட்டுசுட்டான் தாண்டும் வரைக்கும் பெடியள் கத்தியதில் எனக்குக் காது அடைத்துவிட்டது. முழங்கால் பரவாயில்லை.

ஜூன் 11
முறைப்பாடு கொடுத்துவிட்டார்களாம். கோல் அடித்த எங்கள் பெடியன் இந்தப் பருவத்தில் இரண்டு கழகங்களுக்குக் கையெழுத்து வைத்திருக்கிறானாம். உண்மையென்றால் 3 புள்ளிகளும் போகும். கேட்டேன். "இல்லை அண்ணை" என்றான். சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டே சொன்னான்.

ஜூன் 16
சோளகக் காற்று. நாணயச் சுழற்சியில் தோற்றுவிட்டதால் முதல் பாதி முழுக்கக் காற்றுக்கு முகம் கொடுத்து நின்றேன். கண்ணெல்லாம் புழுதி. உயர உதைத்த கோல் உதை ஒன்று மேலே போய் நின்று யோசித்துவிட்டு என்னிடமே திரும்பி வந்தது. நேரே என் கோலுக்குள் விழுந்திருந்தாலும் சட்டப்படி கோல் இல்லை, எதிரணிக்குக் கோணர் உதைதான். இதைச் சொன்னால் சனம் நம்புமா? அப்புறம் காலால் உதைக்கவே இல்லை, பிடித்த பந்தையெல்லாம் கையால் உருட்டி விட்டேன். 0–0.

ஜூன் 19
லீக்கிலிருந்து கடிதம் இல்லை.

ஜூன் 30
மற்றக் கழகத்தின் பதிவுப் படிவத்தைப் பார்த்தவர் ஒருவர் சொல்கிறார், கையெழுத்து தமிழில் இருக்கிறதாம். இவன் தமிழில் கையெழுத்து வைத்து நான் பார்த்ததே இல்லை. உரமானியப் பட்டியலிலும் ஆங்கிலத்தில் ஒரு சுழி, கீழே ஒரு கோடு, அவ்வளவுதான். அப்படியென்றால் யார் வைத்தது? படமும் அடையாள அட்டைப் பிரதியும் எப்படிப் போனது? போன வருடம் ஒரு சுற்றுப்போட்டிக்கென்று வாங்கிய பிரதியாக இருக்குமோ? அல்லது அவனேதான் வைத்தானோ? பயிற்சியில் யாரும் அவனோடு சரியாகக் கதைப்பதில்லை. பந்து மட்டும் கொடுக்கிறார்கள்.

ஜூலை 15
தூக்கமே இல்லை. இரவு 12.30க்கு பெர்லினில் யூரோ இறுதியாட்டம். ஸ்பெயின் 2–1, ஒயார்சபால் 86ஆம் நிமிடத்தில். விடிய கோப்பா அமெரிக்கா இறுதியாட்டம். மயாமியில் சனம் ரிக்கெட் இல்லாமல் வாசலைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததில் ஆட்டம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தியது. மெஸ்ஸி கணுக்கால் வீங்கி வாங்கிலிருந்து அழுதார். வயது 37. எனக்கு 36. ஆர்ஜென்டீனாவின் லௌதாரோ 112ஆம் நிமிடத்தில் அடித்தபோது நான் வாய்க்காலடியில், போனைக் கையில் வைத்துக்கொண்டு. எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை.

ஜூலை 21
0–3. எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 24
முறைப்பாட்டை விசாரிக்கும் லீக் கூட்டம் தள்ளிப் போயிற்றாம்.

ஜூலை 29
அடுத்த ஆட்டம் ஆகஸ்ட் 4. ஆடி அமாவாசை! அட்டவணை போட்டவருக்குத் தகப்பன் உயிரோடு இருக்கிறார் போலும். எங்கள் 11 பேரில் 7 பேர் விரதம். அந்தக் கையெழுத்துப் பெடியனும்தான். அவனிடம் தகப்பனின் படம்கூட இல்லை. கடைசிப் போரில் மாத்தளனில் விட்ட பெட்டிக்குள் இருந்ததாம்.

ஆகஸ்ட் 1
எதிரணித் தலைவர் போன் எடுத்தார். அவர்களிலும் 5 பேர். நாள் மாற்ற முடியாதாம், நேரம் மட்டும் 4.30 ஆக்கித் தருகிறார்களாம். சரி.

ஆகஸ்ட் 4
காலையில் முல்லைத்தீவுக் கடல். மத்தியானம் படைத்துவிட்டு, காத்தோட்டிக்காய்க் கறியோடு சோறு. வெறும் வயிற்றில் இருந்தவன் அவ்வளவையும் தின்றுவிட்டு ஓடினால் எப்படி இருக்கும்? முதல் 20 நிமிடம் இரண்டு பக்கமும் நடைதான். மத்தியஸ்தர் மட்டும் ஓடினார். 1–1. எங்களுடையது அவன் தலையால் அடித்தது. எல்லோரும் அவன் மேல் போய் விழுந்தார்கள். 70ஆம் நிமிடம் பக்கவாட்டில் பாய்ந்தபோது என் முழங்காலுக்குள் டக்கென்று ஒரு சத்தம்.

ஆகஸ்ட் 6
வீக்கம். ஸ்கானுக்கு யாழ்ப்பாணம் போக வேண்டுமாம். கடிதம் இல்லை.

ஆகஸ்ட் 8
வந்திருந்தான். "அண்ணை, கோலுக்குள்ள நான் நிக்கிறன்" என்றான். அப்படியென்றால் முன்னுக்கு யார் விளையாடுவது? ஞாயிறு மாங்குளம். அங்கே காற்று எந்தப் பக்கம் என்று யாரிடமாவது கேட்க வேண்டும்.