பாட்டில் கணக்கும் சாப்பாட்டு நேரமும்

திருமண வரவேற்புகளில் பாருக்குப் பொறுப்பாகப் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன். முதல் சந்திப்பிலேயே எல்லாக் குடும்பத்தாரும் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை பாட்டில் வாங்கலாம்?"

அதைச் சொல்வது சுலபம். 750 மில்லி ஒயின் பாட்டிலில் 150 மில்லி வீதம் 5 கிளாஸ் வரும். அதே அளவு விஸ்கியில் 30 மில்லி வீதம் 25 வரும். குடிப்பவர் ஒருவருக்கு முதல் ஒரு மணி நேரத்தில் 2, அப்புறம் மணிக்கு 1 என்று வைத்தால் கணக்கு பெரும்பாலும் கைகொடுக்கும். குடிப்பவர்கள் 100 பேர், விழா 4 மணி நேரம் என்றால் 500 கிளாஸ்.

நான் பதிலுக்குக் கேட்பது: "சாப்பாடு எத்தனை மணிக்கு?"

இதைக் கேட்கப் பழகியது ஒரே ஒரு ராத்திரியால். வேலைக்கு வந்த புதிது. பார் ஆறரைக்குத் திறந்தது, சாப்பாடு எட்டு மணிக்கு என்று பேச்சு. புகைப்படம் இழுத்தது, வாழ்த்துரைகள் நீண்டன, சாப்பாடு வரும்போது மணி ஒன்பதரை. பாட்டில் பற்றாமல் போகவில்லை, ஐஸ் தீரவில்லை, வரிசையில் யாரும் காத்திருக்கவில்லை. கணக்குப்படி எல்லாமே சரி. ஆனால் மூன்று மணி நேரம் வெறும் வயிற்றில் நாங்கள் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறோம். ஒரு பெரியவர் படியில் கால் தவறி நெற்றியில் அடிபட்டார். அதைவிட, ஒரு இளைஞர் கையில் கார் சாவியோடு, மனைவியையும் தூங்கும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார். ஓடிப்போய் முன்னால் நின்றேன். யாரிடம் போய்ச் சொல்வது, எந்த வண்டியில் அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் மாப்பிள்ளையின் அண்ணன் வந்து பேசி, சாவியை வாங்க முக்கால் மணி நேரம் ஆனது. வாசலில் நின்று மணப்பெண் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

ஒரு கிளாஸில் இருக்கும் மதுவைக் கரைக்க உடம்புக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டும். காபி கொடுத்தாலும் தலையில் தண்ணீர் ஊற்றினாலும் அது வேகமாகாது. வயிற்றில் சாப்பாடு இருந்தால் போதை மெதுவாக ஏறும், அவ்வளவுதான் நம் கையில் இருக்கிறது. அதனால் இப்போது சமையல் பொறுப்பாளரோடு பேசாமல் பார் திட்டத்தை எழுதுவதே இல்லை. சாப்பாடு இருபது நிமிடம் தாமதமானாலே கொறிக்க ஏதாவது தட்டுகளில் கூட்டத்துக்குள் போக வேண்டும். அதற்கான தட்டுகள் முன்கூட்டியே தயாராக இருக்கும்.

குடும்பத்திடம் ஒரு ஆளைக் கேட்கிறேன். அன்று குடிக்காதவர், சொன்னால் மற்றவர்கள் கேட்கிறவர். மாப்பிள்ளை வேண்டாம், அவருக்கு அன்று வேறு வேலை இருக்கிறது. ஊற்ற மாட்டேன் என்று நான் சொல்ல வேண்டி வந்தால் பக்கத்தில் அவர் நிற்க வேண்டும். திரும்பிப்போக வண்டி ஏற்பாட்டை அழைப்பிதழ் போகும்போதே சொல்லிவிடச் சொல்கிறேன். வந்த பிறகு சொன்னால் யாரும் காரை விட்டுவிட்டுப் போவதில்லை.

அளந்து ஊற்றுவதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. "என்னப்பா, கல்யாணத்தில் போய் அளந்து ஊற்றுகிறாயே?" என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். "ஐயா, மறுபடியும் வாங்க, மறுபடியும் தருகிறேன்" என்றேன். உற்சாகத்தில் கை தாராளமாகச் சாயும். அப்புறம் குடித்தவருக்கே தான் எவ்வளவு குடித்தோம் என்று தெரியாது. அது அவருக்குச் செய்யும் நியாயம் இல்லை.

ஐஸ் ஆளுக்கு அரைக் கிலோவாவது வேண்டும். வெறும் ஐஸைவிடத் தண்ணீர் கலந்த ஐஸில் பாட்டில் சீக்கிரம் குளிரும். ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக முக்கிவிடாதீர்கள், லேபிள் ஊறி உரிந்துவிடும். திறக்காத பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைகூட லேபிள் போனதை வாங்காது. கிளாஸ் ஆளுக்கு மூன்று வைக்கிறேன், எங்காவது வைத்துவிட்டு மறந்து புதிதாகக் கேட்பார்கள்.

குடிக்காதவர்களை மறந்துவிடும் பார்கள் எனக்குப் பிடிக்காது. மூலையில் ஒரு தண்ணீர் ஜாடியோடு அவர்களை முடித்துவிடுகிறார்கள். அதே மேசையில், அதே அழகான கிளாஸில், எலுமிச்சையும் புதினாவும் போட்டு ஏதாவது கொடுத்துப் பாருங்கள். குடிக்கிறவர்களில் பாதிப்பேர் நடுவில் ஒன்று அதையும் வாங்கிப்போவார்கள்.

விழா முடிய ஒரு மணி நேரம் முன்பே பாரை மூடுகிறோம். "கடைசி ரவுண்டு" என்று அறிவிப்பதில்லை. அறிவித்தால் ஆளுக்கு இரண்டாக வாங்கிக்கொள்வார்கள். மதுப் பாட்டில்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தேநீரும் இனிப்பும் தண்ணீரும் வைக்கிறோம். அதற்குப் பிறகு நான் மேசைப் பக்கம் நிற்பதில்லை. வாகன நிறுத்தத்துக்குப் போகும் வாசலில், குடும்பம் காட்டிய அந்த ஆளோடு நிற்கிறேன், கடைசி வண்டி கிளம்பும் வரை.